பிசிறைக் குளிரால் முறிப்பது: கேள்வி பதில்

கட்டாரில் ஒரு றப்பர் பட்டறையில் வார்ப்பின் ஓரத்துப் பிசிறை நீக்கும் இயந்திரத்தோடு சில வருடம் மல்லுக்கட்டியவன் நான். மட்டக்களப்புக்குத் திரும்பிய பிறகும் கேள்விகள் விடவில்லை. சேர்ந்தவற்றுக்கு இதோ பதில்.

கல்முனைக் காக்கா ஒருவர்: அச்சில் வார்த்த றப்பர் புஷ்ஷின் ஓரத்தைப் பிளேட்டால் சீவியே பொழுது போகிறது. குளிரூட்டினால் தானாக உதிருமாமே?

தானாக உதிராது காக்கா. அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டினால் வெங்காயத் தோல் மாதிரி ஒன்று தட்டுப்படுமே, அதுதான் பிசிறு. மறை 196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசனை, றப்பர் துண்டுகள் போட்ட உருளும் கூடைக்குள் பீய்ச்சுவார்கள். மெல்லிய பிசிறு முதலில் விறைத்துக் கண்ணாடியாகிவிடும். தடித்த உடம்பு அதற்குள் முழுதாகக் குளிர்ந்திருக்காது. அந்த நேரம் பார்த்துப் பொலிகாபனேற்று மணிகளை வீசி அடித்தால் பிசிறு மட்டும் முறியும். வித்தையெல்லாம் நேரத்தில்தான். ஒருமுறை நான் கொஞ்சம் கூட விட்டுவிட்டேன். திறந்து பார்த்தால் வயர் நுழைக்கும் வளையங்களின் காதுகளும் பிசிறோடு சேர்ந்து கிடந்தன. மேற்பார்வையாளர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஏறாவூர்த் தம்பி: ஐஸ் பெட்டியில் வைத்தால் போதாதா?

உப்புப் போட்ட ஐஸே மறை 21 பாகைதான். இயற்கை றப்பர் விறைக்க மறை 70 பக்கம் போகவேண்டும், சிலிக்கோனுக்கு மறை 100ஐயும் தாண்டவேண்டும். ஐஸை மீனுக்குப் போடுங்கள்.

அக்கரைப்பற்றுத் தங்கச்சி: அலுமினிய வார்ப்புக்குச் சரிவருமா?

அலுமினியம் குளிரில் நொறுங்காது. அரம்தான்.

சம்மாந்துறை அரிசி ஆலைக்கார அண்ணன்: உலர் பனிக்கட்டியால் இயந்திரத்தைத் துப்புரவு செய்கிறார்களாம், தண்ணீரே இல்லாமல்?

உண்மைதான், ஆனால் இது வேறு வேலை. மறை 78 பாகையில் இருக்கும் திண்மக் காபனீரொட்சைட்டை அரிசிமணி போலாக்கிக் காற்றழுத்தத்தில் வீசுவார்கள். கிறீஸ் இறுகி வெடிக்கும். மணி உருகாமல் நேரே வாயுவாகி விரிந்து அழுக்கைத் தூக்கி எறியும். மணல் வீசினால் மணலையும் கூட்டவேண்டும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அழுக்கு ஆவியாகாது அண்ணன், விழுந்ததைக் கூட்டத்தான் வேண்டும். இன்னொன்று: வீசும்போது நிலைமின் ஏறும். தவிட்டுத் தூள் மிதக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். எர்த் பண்ணாமல் தொடவேண்டாம்.

வவுணதீவிலிருந்து ஒருவர்: மாட்டுக்குச் சினைப்படுத்த வருகிறவர் கொண்டுவரும் குடுவையில் இருப்பதும் நைதரசன்தானே? கொஞ்சம் கேட்டு வாங்கலாமா?

அதே திரவந்தான். ஆனால் அந்தச் சில லீற்றரில்தான் விந்துக் குழாய்கள் கெடாமல் இருக்கின்றன. ஊர் மாடுகளின் சாபம் நமக்கு வேண்டாம். அப்புறம், ஒரு லீற்றர் ஆவியானால் ஏறக்குறைய 700 லீற்றர் வாயு. நிறமில்லை, மணமில்லை. பூட்டிய அறையில் ஒட்சிசனைத் தள்ளிவிடும், மயங்கப்போவதே தெரியாது. போத்தலில் ஊற்றி மூடினால் வெடிக்கும். சரி, உங்களிடம் எத்தனை துண்டு இருக்கிறது? நூறு இருநூறு என்றால் கத்தரிக்கோலே மலிவு.