சிப்ஸ் வாணலித் தீக்கு ஒலி போதுமா?

மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “போன மாதம் வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. மூடியைப் போட்டுத் தப்பித்தோம். ஒலியால் தீயை அணைக்கும் கருவியை வீடியோவில் பார்த்தேன். வாங்கி வைக்கலாமா?”

வேண்டாம். நீங்கள் பார்த்தது பொய்யல்ல. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக மாணவர்கள் சேத் ராபர்ட்சன், வியட் டிரான் இருவரும் 2015-இல் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியால் சிறு தீயை அணைத்துக் காட்டினார்கள். கோயில் கொடையில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் நின்றால் சட்டை படபடக்கிறதே, அந்த வகை அதிர்வுதான். காற்று வினாடிக்கு முப்பது, நாற்பது முறை முன்னும் பின்னும் ஆடும்போது எரியும் ஆவியிலிருந்து சுடர் பிரிந்து அணைகிறது.

ஆனால் ஒலி எதையும் குளிர்விப்பதில்லை. சிப்ஸ் பொரிக்க ஏறக்குறைய 180 டிகிரி போதும். தானாகப் பற்றிக்கொண்ட எண்ணெயோ 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். சுடரைப் பிரித்துவிட்டாலும் அடுத்த நொடியே அது மறுபடி பற்றும். பவுடரை வீசும் தீயணைப்பு சிலிண்டரிலும் இதே ஆபத்து உண்டு. போதாக்குறைக்கு அதன் வேகம் எண்ணெயைத் தெறிக்கவைக்கும். தண்ணீரை நினைக்கவே கூடாது. ஒரு குவளை நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும்.

அன்று நீங்கள் மூடி போட்டதுதான் சரி. வாணலியை முழுதாக மறைக்கும் இரும்புத் தகடு ஒன்றை, நீண்ட கைப்பிடியோடு, அடுப்பின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுங்கள். எண்ணெய் நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். வாணலியைத் தூக்கவே கூடாது.

செலவழிக்கும் பணத்தை, சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள ‘எஃப்’ வகைத் தீயணைப்பானுக்குச் செலவழியுங்கள். அதிலிருக்கும் காரக் கரைசல் எண்ணெய்மேல் பட்டதும் சோப்பு நுரையாகப் படர்ந்து, காற்றை அடைத்து, சூட்டையும் இறக்கும். தேங்காய் எண்ணெயில் சோப்புக் காய்ச்சிய வீடுகளுக்கு இந்த வேதியியல் புதிதல்ல.

இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள். எரிவாயு வால்வை மூட வாணலிக்கு மேலே கை நீட்ட வேண்டியிருக்கிறதா? அப்படியானால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வால்வை இடம் மாற்றுங்கள். தீ வாணலியை விட்டுப் பரவினால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.