வெப்லியும் இங்கிலீஷ் இரட்டைக்குழலும் ஏன் புதிதாக வருவதில்லை?

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு மாதமாகிறது. அவருடைய பர்மிங்காம் 12 போர் ('போர்' என்பது குழலின் துளை அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அதே ரகத்தில் புதிதாக ஒன்றோ, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய .455 அங்குல வெப்லி ரிவால்வரோ வாங்க ஆசை. கடையில் "இப்போதெல்லாம் வருவதில்லை" என்கிறார்கள். ஏன்? இங்கேயாவது செய்யலாமே?

பதில்: வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். லைசென்ஸ்தாரர் இறந்தபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, தாமதமில்லாமல் உள்ளூர் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்பாவின் லைசென்ஸ் புத்தகம் ஆகியவற்றோடு உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். மாவட்டங்களில் கலெக்டரிடம், சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் கொடுக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளில் வாரிசுகளுக்கென்றே 25ஆம் விதி இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. கடைக்காரர் சொன்னது சரிதான். தனிநபர் இறக்குமதி 1980களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கும் ரைபிள் கிளப்புகளுக்கும் தனி அனுமதியின் பேரில் வழி உண்டு. அதற்கு முன் வந்து சேர்ந்த துப்பாக்கிகளே லைசென்ஸ்தாரர்களிடையே கைமாறுகின்றன. வெளிநாட்டு விலையைவிடப் பல மடங்கு இங்கே கேட்பதற்கு அதுவே காரணம்.

வெப்லிக்கு இன்னொரு தடையும் உண்டு. .455, .380 ரிம் (அடியில் விளிம்புள்ள) தோட்டாக்களும் ராணுவ 9 மி.மீ. தோட்டாவும் போடக்கூடிய கைத்துப்பாக்கிகள் 'தடைசெய்யப்பட்ட போர்' வகை. .303 ரைபிளும் அப்படியே. படைக் கிடங்குத் தோட்டா எதுவும் தனியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. அதனால் இங்கே நகல் செய்யும்போது வடிவம் தங்கியது, போர் மாறியது. கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர், நடுவில் மடிந்து திறக்கும் வெப்லி மார்க் 4 அமைப்பிலிருந்து வந்தது. மேற்கு வங்கம் இஷாப்பூர் அரசு ஆலையின் .315 ரைபிளில் இருப்பது .303 லீ-என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் உருளை). வெப்லி & ஸ்காட் நிறுவனமே உத்தரப் பிரதேசம் சண்டிலாவில் 2020இல் உற்பத்தியைத் தொடங்கியபோதும் .32தான் செய்தது. வெப்லி என்ற பெயர்தான் வேண்டுமென்றால் அது போதும். .455தான் வேண்டுமென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

இரட்டைக்குழலின் கதை வேறு. 12 போருக்குத் தடையில்லை. பீகார் முங்கேரிலும் ஜம்முவிலும் தனியார் ஆலைகள் நெடுங்காலமாகச் செய்கின்றன. ஆனால் இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி நேர்பார்த்து ஒட்டுவது, கட்டையை இரும்போடு இழை பிசகாமல் பொருத்துவது எல்லாம் கைவேலை. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தச் சந்தை போய்விட்டது. இன்று வாங்குபவர்களில் பெரும்பாலோர் காவலுக்காக வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சாதாரணத் துப்பாக்கியே போதும். ஆகவே கையிலிருப்பதை நல்ல நிலையில் காப்பாற்றுங்கள் என்பேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் சுடாதீர்கள். முன்கட்டையைக் கழற்றி, குழல்களின் அடியிலுள்ள தட்டைப் பகுதியைத் துப்பாக்கி மெக்கானிக்கோடு சேர்ந்து பாருங்கள். சோதனை முத்திரைகள் (குழலைச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளங்கள்) அங்கேதான் இருக்கும். 2½ (அங்குலம்) என்று பொறித்திருந்தால் தோட்டா அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. டப்பாவில் 70 மி.மீ. என்றிருந்தால் போடவே கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்: அந்த நீளம் சுட்டபின் வாய் விரிந்த நிலையில் அளப்பது. மடித்த வாயோடு 70 மி.மீ. தோட்டாவும் அறைக்குள் தாராளமாக இறங்கும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் நெருக்க, அழுத்தம் ஏறிவிடும். நீளம் பொறிக்காத பழைய குழலென்றால் அளவுமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

குழலில் மர ரேகைபோலச் சுழி சுழியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி அடித்து இணைத்த பழைய வகைக் குழல். புகையில்லா வெடிமருந்துக்கான 'நைட்ரோ' முத்திரை இல்லாவிட்டால் இன்றைய தோட்டா எதுவும் அதில் கூடாது. முத்திரை இருந்தாலும் உட்புறப் பள்ளங்களையும் குழல் சுவரின் கனத்தையும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். .32 வாங்கிவிட்டால் உங்கள் எண்ணிக்கை நிறைந்துவிடும்.