சதுர அடி நாலணா

கேள்வி: ஐயா, என் மகன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சுவர் விளம்பரம் எழுதப் போகிறான். கேட்டால், "ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் ரோட்டில் படம் போட்டு வந்தவர்தாம்மா" என்கிறான். நிஜமா, என்னை ஏய்க்கிறானா?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: ஏய்க்கவில்லை அம்மா. பாதிக் கதையைச் சொல்கிறான், அவ்வளவுதான்.

ஹுசைன் 1915-ல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, இந்தூரில் வளர்ந்தார். 1930களில் பம்பாய்க்கு வந்து சினிமா பேனர் வரைந்தார். கூலி, சதுர அடிக்கு நாலணாவிலிருந்து ஆறணா. ஆறுக்குப் பத்தடிப் படம் முடித்தால் நாலணாக் கணக்கில் பதினைந்து ரூபாய். அதையும் பல பேர் கொடுக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1980களில் மதுரையில் நான் பேனர் பட்டறையில் இருந்தபோது, ஒரு விநியோகஸ்தர் படம் ஓடவில்லை என்று எங்கள் கூலியைப் பிடித்துக்கொண்டார். படம் ஓடாததற்கு நாங்கள் வரைந்த மீசையா காரணம்?

முதல் இரண்டு வருஷம் எனக்குத் தூரிகை கழுவுகிற வேலை. அப்புறம் காவி நூல் அடித்துக் கட்டம் போடுவது. முகத்தை மாஸ்டர் மட்டும்தான் தொடுவார். நாற்பதடி கட்-அவுட்டைப் பலகை பலகையாக வரைவோம். ஒருவன் கையில் மூக்கு, இன்னொருவன் கையில் காது. ஏற்றிக் கட்டும்வரை முழு முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டோம். கன்னத்து நிழலுக்கு நீலமும் பச்சையும் அள்ளிப் பூசுவார் மாஸ்டர். கிட்டே நின்று பார்த்தால் பேய். எதிர்த்த டீக்கடையிலிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர்.

ஹுசைனின் குதிரைகளைப் பாருங்கள். கழுத்திலிருந்து முதுகுவரை ஒரே இழுப்பு. எங்கும் தயக்கம் இல்லை. விடிவதற்குள் படத்தை ஒப்படைக்க வேண்டியவனுக்கு வருகிற கை அது. இது என் அபிப்பிராயம். கலை விமர்சகர்கள் சண்டைக்கு வரலாம்.

உங்கள் மகன் சொல்லாத பாதி இதுதான். பேனர் காசு கொஞ்சம் சேர்ந்ததும் ஹுசைன் சூரத், பரோடா, அகமதாபாத் என்று கிளம்பிப்போய் யாரும் கேட்காத இயற்கைக் காட்சிகளை வரைவார். பிறகு பொம்மையும் குழந்தைகள் அறைக்கான மரச் சாமானும் வடிவமைக்கிற வேலை பார்த்தார். அப்போதும் சொந்தப் படத்தை விடவில்லை. 1947-ல் ஓவியர் எஃப்.என். சௌசா, பம்பாயில் புதுமாதிரி வரைகிறவர்கள் சேர்ந்து அமைத்த முற்போக்கு ஓவியர் குழுவுக்குள் அவரை இழுத்தார். முதல் தனிக் கண்காட்சி 1950-ல்; அப்போது வயது முப்பத்தைந்து. 1955-ல் 'ஜமீன்' ஓவியத்துக்குத் தேசிய விருது.

ஆகவே அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கூலி கொடுக்காத படம் இந்த மாசம் எத்தனை போட்டாய்?" பத்துப் பதினைந்து தேறினால் எடுத்துக்கொண்டு சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குப் போகச் சொல்லுங்கள். வாங்க வேண்டாம், விற்க வேண்டாம். அங்கே மாட்டியிருக்கிற படங்களை நின்று பார்க்கட்டும். நான் அதைச் செய்யவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த அன்றைக்கு என்னிடம் தூரிகை இருந்தது, என்னுடையது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை.

கேள்வி: ஹுசைன் ஏன் செருப்புப் போடவில்லை?
- ஒரு மாணவர், தேனி

பதில்: இந்திக் கவிஞர் முக்திபோத் 1964-ல் இறந்தபோது விட்டார் என்பார்கள். பேனர்க்காரனுக்கு இது பெரிய விஷயமில்லை தம்பி. விரித்த துணிமேல் செருப்போடு நடந்தால் மாஸ்டர் கொன்றுவிடுவார்.

கேள்வி: அவர் படம் 118 கோடிக்குப் போனதாமே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: ஆமாம். 1954-ல் வரைந்த 'கிராம யாத்ரா', 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில். பல காலம் நார்வேயில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய படம். ஹுசைன் 2011-லேயே காலமாகிவிட்டார். ஏலப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு.

பழைய புத்தி, உடனே அளவைத் தேடினேன். ஏறக்குறைய 14 அடி நீளம், 3 அடி உயரம். சதுர அடி மூன்று கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மாஸ்டருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். போனில் கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"துணி நம்ம துணியாடா, பார்ட்டி துணியா?"