ஓடையை அடைக்கும் பீவர்களைப் பிடித்து வேறிடத்தில் விடலாமா?

வாஷிங்டன் மாநிலத்தில் ஓடைக்கரையில் வீடு வாங்கியிருப்பதாகவும், பீவர்கள் கட்டிய அணையால் தோட்டத்தில் தண்ணீர் தேங்குவதாகவும் எழுதி, அவற்றைப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பீவர் பிடிக்கும் குழுவோடு இரண்டு கோடைக்காலங்கள் தன்னார்வலராகச் சென்றிருக்கிறேன். பிடிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நீங்களே செய்யாதீர்கள். மாநில மீன்வள, வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாமல் பிடித்த விலங்கை வேறிடத்தில் விடுவது இங்கே குற்றம்.

(தமிழில் சிலர் பீவரை நீர்நாய் என்று எழுதுகிறார்கள். நீர்நாய் மீன் தின்பது. பீவர் மரப்பட்டையும் இலையும் தின்னும் கொறிவிலங்கு.)

நாங்கள் வைத்தது ஹான்காக் பொறி. திறந்த சூட்கேஸைப் போன்ற அந்தக் கம்பிவலைப் பொறியைக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் விரித்து, பீவரின் வாசனைச் சுரப்பிலிருந்து எடுத்த நீரைத் தடவிய குச்சியை அருகில் நட்டுவைப்போம். தன் எல்லைக்குள் வேற்றுப் பீவர் நுழைந்துவிட்டது என்று எண்ணி அது மோப்பம் பிடிக்க வரும். சிக்கிய விலங்கின் உடலில் ஒரு பகுதி தண்ணீரிலேயே கிடப்பதால், குளிரில் விறைத்துப்போகாமலிருக்க விடிந்ததும் போய் எடுத்துவிட வேண்டும். ஆணா பெண்ணா என்பது பார்த்தால் தெரியாது. வாலடிச் சுரப்பியை அழுத்தி, வரும் கசிவை முகர்ந்து பார்ப்பார்கள்: ஆணுடையது பழுப்பு நிறத்தில் என்ஜின் ஆயில் வாடை அடிக்கும், பெண்ணுடையது வெளிறிப் பழைய சீஸ் வாடை அடிக்கும்.

இத்தனை சிரமமும் குடும்பத்தைச் சேர்த்து வைப்பதற்காகத்தான். தாய், தந்தை, இந்த ஆண்டுக் குட்டிகள், போன ஆண்டுக் குட்டிகள் எல்லாம் ஒன்றாக வாழ்பவை. ஒன்றை மட்டும் கொண்டுபோய் விட்டால் அது துணை தேடி அலைந்து பூமாவுக்கோ கரடிக்கோ இரையாகலாம். இதே மாநிலத்தில் 2008-இல் தொடங்கிய மெத்தாவ் பள்ளத்தாக்குப் பீவர் திட்டத்தில், வின்த்ராப் மீன்குஞ்சுப் பண்ணைத் தொட்டிகளில் பீவர்களை வைத்திருந்து, தனித்தவற்றுக்கு ஜோடியும் சேர்த்த பிறகே மலை ஓடைகளில் விட்டார்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் 1948-இல் 76 பீவர்களைப் பெட்டிகளில் வைத்து பாராசூட்டில் இறக்கியபோது ஒன்றுதான் இறந்தது. ஆனால் உங்கள் கவலை அவற்றைக் கொண்டுபோய் விடும் இடத்தைப் பற்றியதல்ல, காலியாகும் இடத்தைப் பற்றியது. இரண்டு வயது நிரம்பிய இளம் பீவர்கள் புதிய இடம் தேடிக் கிளம்பும்போது, உணவும் தண்ணீரும் உள்ள உங்கள் ஓடைக்கே வந்து சேரும்.

ஆகவே முதலில் குழாய் போட்டுப் பாருங்கள். அணையின் ஊடே பெரிய குழாயைச் செருகி, அதன் உள்வாயைக் குளத்துக்குள் தள்ளிக் கம்பிக்கூண்டுக்குள் மூழ்கவைத்தால், தண்ணீர் நீங்கள் விரும்பும் மட்டத்தில் நிற்கும். ஓடும் நீரின் ஓசைதான் பீவரை அடைக்கத் தூண்டுகிறது என்பதால், ஓசையில்லாமல் வெளியேறும் நீரை அது பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓடையில் இந்த வேலையைச் செய்யவும் அதே துறையின் அனுமதி வேண்டும். மரங்களின் அடியை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பிவலையால் சுற்றிவிடுங்கள்.

அதிலும் சரிப்படாவிட்டால் கோடை முடிவதற்குள் துறையைக் கூப்பிடுங்கள். பனி விழும் முன் வீடு கட்டவும், குளிர்காலத்துக்கான கிளைகளைத் தண்ணீருக்கடியில் சேர்த்துவைக்கவும் அவற்றுக்குச் சில வாரங்களாவது தேவை.