ஊசி போட்டதும் அம்மா மயங்கியது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. முழங்கால் வலிக்கு மூட்டுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, மயங்கி விழுந்தார். ஒவ்வாமைக்கே கொடுக்கும் மருந்து எப்படி ஒவ்வாமை ஆகும், டொக்டர்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நியாயமான கேள்விதான். பெரும்பாலும் வம்பு பண்ணுவது ஸ்டீரொய்ட் இல்லை, அதோடு கூட வருபவை. மூட்டில் போடும் ஊசியைக் குலுக்கினால் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கும். மெல்லக் கரையும் மருந்துத் துகள் கட்டிப்படாமல் சமமாகக் கலந்திருக்கவேண்டும் என்பதற்காக வேறு சில பொருள்களையும் சேர்ப்பார்கள். டெப்போ-மெட்ரோல் என்ற ஸ்டீரொய்ட் ஊசியில் மக்ரோகோல் இருக்கிறது, கெனக்கோர்ட் என்ற ஊசியில் கார்மெலோஸும் பொலிசோர்பேட்டும். சிலருக்கு இவைதான் ஆகாது. கூடவே போட்ட மரப்பு மருந்தோ, தோல் துடைத்த குளோர்ஹெக்சிடினோகூடக் காரணமாக இருக்கலாம். ஸ்டீரொய்டுக்கே ஒவ்வாமை வருவது அரிது, ஆனால் வராது என்று சொல்லமுடியாது.

மறுநாள் முகம் சிவப்பது, மூட்டு ஓரிரு நாள் கூடுதலாக வலிப்பது, சீனி ஏறுவது எல்லாம் ஒவ்வாமை இல்லை. அம்மாவுக்கு வந்தது அப்படியல்ல, உயிராபத்தான ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின். அரிப்புக்குக் கொடுக்கும் பிரிட்டோன் (Piriton) மாத்திரைக்காகக் காத்திருக்கக்கூடாது. வீட்டில் நடந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். அம்மாவைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவைக்கலாம், எழுப்பி நடக்கவிடாதீர்கள்.

எனக்குள்ள பயம் வேறு. டயக்னோசிஸ் கார்ட்டில் சிவப்புப் பேனாவால் 'ஸ்டீரொய்ட் அலர்ஜி' என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு அதை வெட்ட எவருக்கும் துணிவு வராது. நாளைக்கு ஆஸ்துமா முற்றி ஸ்டீரொய்ட் அவசியமானால், அதைக் கொடுக்க டொக்டருக்குக் கை நடுங்கும். அதேநேரம் உண்மைக் குற்றவாளி மக்ரோகோல் என்றால், பெருங்குடலைக் கமெராவால் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு வயிறு சுத்தம் செய்யக் குடிக்கும் கரைசலிலும் அதே ஆள் காத்திருப்பார்!

அதனால் ஊசி போட்ட இடத்தில் மருந்தின் முழுப் பெயர், அளவு, கூடப் போட்டவை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். சிறு போத்தலோ பெட்டியோ கிடைத்தால் படம் எடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து ஒவ்வாமை நிபுணரிடம் தோல் பரிசோதனை செய்யலாம். அதற்கு முன் செய்தால் பொய்யாக 'இல்லை' என்று வரக்கூடும். முடிவு வரும்வரை அந்த ஊசி எதுவும் வேண்டாம். முழங்காலுக்கு இப்போதைக்கு ஃபிசியோதெரபி போதும்.