பூண்டு ஒரு நாள் இனிக்குது, ஒரு நாள் கசக்குது, ஏன்?

கேள்வி: பூண்டுக் குழம்புல முழுப் பல்லு இனிப்பா இருக்கு, அதே பூண்டை பச்சையா சட்னில அரைச்சா நாக்கு எரியுது, தாளிச்சா சில நாள் கசக்குது. பூண்டோட உண்மையான சுவை தான் எது? சட்னில காட்டத்தை எப்படி குறைக்கிறது?

பதில்: மொதல்ல அந்த எரிச்சலை சுவை கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. சயின்ஸ்படி அடிப்படை சுவைன்னா இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் தக்காளி மாதிரி பொருள்ல வர்ற நிறைவான ருசியான உமாமி, அவ்ளோ தான். காரம் அதுல வராது, அது வலியையும் சூட்டையும் சொல்ற நரம்போட வேலை. நம்ம அறுசுவைல கார்ப்புக்கு தனி இடம் உண்டு, அந்தக் கணக்குல ஆயுர்வேதம் பூண்டுக்கு புளிப்பு தவிர மீதி அஞ்சும் இருக்குன்னு சொல்லும்.

ஆனா உரிக்காத முழுப் பல்லுல அந்த காட்டமே இன்னும் உருவாகல. அல்லியின்னு ஒரு பொருளும் அல்லினேஸ்னு ஒரு நொதியும் தனித்தனியா உள்ள இருக்கும், நீங்க நசுக்கினதும் ரெண்டும் கலந்து சில வினாடில அல்லிசின் ஆகிடும், நாக்கு எரியுறது அதனால தான், அதனால எவ்ளோ நைசா அரைக்கிறீங்களோ அவ்ளோ காட்டம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நசுக்கின பூண்டை துளியூண்டு நாக்குல வச்சு பாருங்க, வாசனை சுத்தமா காணாம போயி சுருக்குன்னு குத்துறது மட்டும் மிஞ்சும்.

அந்த நொதிக்கு சூடும் ஆகாது, புளிப்பும் ஆகாது. உங்க சட்னிக்கு வழி இங்க தான் இருக்கு. தோலோட பல்லை மிதமான தீயில நல்லா சூடேற வதக்கிட்டு அரைங்க, இல்ல பச்சையா தான் வேணும்னா புளிக்கரைசலையோ எலுமிச்சை சாறையோ மிக்ஸில மொதல்லயே ஊத்தி பூண்டோட சேர்த்து அரைங்க. அரைச்சு முடிச்சு கடைசில புளி சேர்த்தா பிரயோஜனம் ரொம்ப கம்மி, அதுக்குள்ள அல்லிசின் ரெடி ஆகிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுன்னா இன்னும் கவனம், அது காட்டம் ஜாஸ்தி.

குழம்புல வர்ற இனிப்புக்கு காரணம், பூண்டுல ஃப்ரக்டான்னு மாவுச்சத்து மாதிரி ஒரு பொருள் நிறைய இருக்கு, நல்லெண்ணெயில சிறுதீயில நேரம் எடுத்து வேகும்போது எரிச்சல் அடங்கிடும், கொஞ்சம் ஃப்ரக்டானும் உடைஞ்சு சர்க்கரை ஆகும். அவசரப்பட்டு பெரிய தீ வச்சா இந்த இனிப்பு வராது.

இன்னொன்னு பலருக்கு தெரியாது. 1990ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பூண்டுச் சாறை சூப்ல சேர்த்து பார்த்தாங்க, அதுல இருக்குற சில கந்தகப் பொருளுக்கு தனியா பெருசா சுவை இல்லாட்டியும் உமாமியை கெட்டியாக்கி நாக்குல ரொம்ப நேரம் நிக்க வைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, இந்த குணத்துக்கு ‘கொக்குமி’ன்னு பேரு. தக்காளி, பருப்புத் தண்ணியோட நாலு பல்லு தட்டிப் போட்ட ரசம் ஏன் நிறைவா இருக்குன்னு என்னைக் கேட்டா இதைத் தான் சொல்லுவேன்.

கசப்பு பெரும்பாலும் கருகுறதால தான். சன்னமா நறுக்கின பூண்டு லேசா பொன்னிறம் ஆனதுமே அடுப்பை அணைச்சுடுங்க, மீதி சிவக்குறதை எண்ணெய் சூடே பார்த்துக்கும். பழைய பூண்டுன்னா நடுவுல இருக்குற பச்சை முளையையும் கிள்ளிப் போட்டுடுங்க.