பெரிய எக்ஸும் சிறிய எக்ஸும்

கேள்வி: ஐயா, நான் இளங்கலைப் புள்ளியியல் முதலாண்டு மாணவி. நிகழ்தகவுப் பாடத்தில் ஒரே வரியிலேயே எக்ஸ் என்னும் எழுத்து பெரிய வடிவிலும் சிறிய வடிவிலும் வருகிறது. மாற்றி எழுதினால் மதிப்பெண் குறைகிறது. இது வெறும் வழக்கம்தானா?
வாசகி, கும்பகோணம்

பதில்: வழக்கம்தான், ஆனால் அதை மீறினால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். வரும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடியாக இருக்கும் என்பதை இன்றே எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அந்த அளவு ஒரு சமவாய்ப்பு மாறி; அதைப் பெரிய எக்ஸால் குறிக்கிறோம். ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகரோவ் 1933-இல் வகுத்தளித்த நிகழ்தகவு அடிப்படையின்படி அது கூறுவெளியின், அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பின், மீது அமைந்த ஒரு சார்பு. அன்று அளந்தபின் 98 அடி என்று பதிவானால், அந்த எண் சிறிய எக்ஸ். நீர்மட்டம் 90 அடிக்கு மிகாதிருக்கும் நிகழ்தகவு என்ன என்று முன்கூட்டியே கேட்கும்போது, அந்த 90-இன் இடத்தில் நிற்பதும் சிறிய எக்ஸே.

சிறிய எக்ஸ் நிலையான எண் என்பதால் அதன் எதிர்பார்ப்பு (நிகழ்தகவுப்படி கணித்த சராசரி) அதுவேதான், பரவற்படி (சராசரியிலிருந்து சிதறும் அளவு) சுழியம். ஆகவே எதிர்பார்ப்புக் குறியீட்டுக்குள் சிறிய எக்ஸை எழுதும் மாணவர், தாம் அறியாமலே வேறொன்றைச் சொல்லிவிடுகிறார்.

இதன் முழுப் பயன் நம்பிக்கை இடைவெளியில்தான், அதாவது அறியாத ஓர் அளவை மதிப்பிட மாதிரியிலிருந்து கணிக்கும் எண் எல்லைகளில்தான், விளங்கும். சமவாய்ப்பு முறையில் தேர்ந்த சில வயல்களின் குறுவை விளைச்சலைக் கொண்டு டெல்டா முழுவதன் சராசரியை மதிப்பிடுவதாகக் கொள்வோம். மாதிரிச் சராசரியை, அதாவது தேர்ந்த வயல்களின் சராசரியை, பெரிய எழுத்தில் வைத்து எழுதிய 95 சதவீத இடைவெளி, உண்மைச் சராசரியாகிய மியூவை உள்ளடக்கும் நிகழ்தகவு 95 சதவீதம் என்பது சரியான கூற்று. அளந்த எண்களை இட்டபின் இடைவெளியின் இரு முனைகளும் நிலைத்துவிடுகின்றன. மியூ அதற்குள் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவே. தேர்ந்த ஆய்வாளர்களும் தடுமாறும் இடம் இது என்பதால், எழுத்தின் அளவில் நான் பிடிவாதம் காட்டுகிறேன்.

கையால் எழுதும்போது பெரிய எக்ஸை நேர்கோடுகளாலும், சிறியதை முதுகோடு முதுகு ஒட்டிய இரு வளைவுகளாலும் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: எல்லா நூல்களும் இதையே பின்பற்றுகின்றனவா?
வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. ரஷ்ய மரபு நூல்கள் பல சமவாய்ப்பு மாறிகளுக்கு க்ஸி, ஈட்டா போன்ற கிரேக்க எழுத்துகளை ஆள்கின்றன. மற்ற நூல்களில் கிரேக்க எழுத்து பெரும்பாலும் பண்பளவைக்கு, அதாவது மியூ போன்ற முழுத்தொகுதியின் நிலையான அளவுக்கு, உரியது. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அணிகளுக்கும் பெரிய எழுத்தே வழங்குவதால், பல்மாறிப் பகுப்பாய்வில் இந்த விதி தளர்கிறது. பண்பளவையைக் குறிக்கும் தீட்டா என்னும் கிரேக்க எழுத்தின் மேல் தொப்பி இட்ட குறியோ, மதிப்பிடும் மாறியையும் கிடைத்த மதிப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. அங்கே எது பொருள் என்பதை அருகிலுள்ள வாக்கியத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.